பழசாய்ப் பிறந்த கிளிப்பெட்டிகள்

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஓர் ஐப்பசியில், கோயமுத்தூர் கணபதிக்கு வடக்கே ரயில் பாதையை ஒட்டினாற்போல இருக்கிற சுந்தராம்பாளின் கம்பெனியில், டிவியில் மாட்டி விளையாடுகிற கிளிப்பெட்டிகள் பழசாகவே பிறக்க ஆரம்பித்தன.

முதல் பெட்டி மயிலாத்தாளின் கைக்குத்தான் வந்தது. லைனில் கடைசி ஸ்டூல் அவளுடையது. மூடியை வைத்து ஸ்குரூவை முடுக்கி, கவிழ்த்து, அடியில் லேபிள் ஒட்டுவது அவள் வேலை. அன்றைக்குக் கவிழ்த்தபோது, காம்பஸ் முள்ளால் கீறின கோணல் எழுத்தில் 'சி. ரித்திக், நாலாம் வகுப்பு' என்று அடியில் ஒரு பேர் இருந்தது. திருப்பிப் பார்த்தால், பச்சை மூடியில் மினுமினுப்பே இல்லை, இரண்டு சிவப்பு ஜாய்ஸ்டிக்கில் ஒன்றின் குதிக்கிற பட்டன் நடுவில் பள்ளம் விழுந்து கோயில் படிக்கட்டு மாதிரி தேய்ந்திருந்தது, இடுக்கில் பிஸ்கட் தூள்கூட இருந்தது. ரிப்பேருக்கு வந்த பழசு ஏதோ கலந்துவிட்டது என்று நினைத்து அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதிலும் ஒரு பேர். அதற்கடுத்ததில் பேரோடு ஒரு பூவும் வரைந்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள், காலையில்தான் அச்சில் வார்த்து இன்னும் சூடுகூட ஆறாத பெட்டிகளெல்லாம், ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு பிள்ளை வருசக்கணக்காய் மடியில் வைத்து விளையாடின மாதிரி அழுக்கும் தேய்மானமுமாய் வரிசையில் உட்கார்ந்திருந்தன.

அச்சு சரிபார்க்கிற இன்ஜினியர் பீளமேட்டிலிருந்து வந்து, மெசினைக் கழற்றிப் பார்த்து, மாட்டிப் பார்த்து, டீ குடித்துவிட்டு, "அச்சுல ஒண்ணும் கோளாறு இல்லீங்" என்று சொல்லிப் போய்விட்டார். அதற்குமேல் காரணத்தை யாரும் தேடவில்லை. மழை ஏன் பெய்கிறது என்று தேடிக்கொண்டா நனைகிறோம்?

சுந்தராம்பாள் மட்டும் ஒரு பெட்டியைக் கையில் வாங்கி, வழக்கம்போல அதன் விளிம்பைக் கட்டை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள். புருசன் அவிநாசியப்பன் கிரைண்டர் மோட்டார் செய்துகொண்டிருந்த ஆள். தன் மகன் அடுத்த வீட்டு வாசலில் நின்று வெளிநாட்டு டிவி கேமை எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டு மனசு கேட்காமல், அதைப் போல ஒன்றைத் தானே செய்து, உள்ளே ஒரு பச்சைக்கிளி கொப்புக்குக் கொப்புத் தாவிக் கொய்யாப்பழம் தின்கிற ஆட்டத்தைப் போட்டு, அதற்குக் கிளிப்பெட்டி என்று பேரும் வைத்தவர். அவர் காலமான பிறகு முதலாளி நாற்காலியில் வந்து உட்கார்ந்த சுந்தராம்பாளுக்கு போர்டும் தெரியாது, புரோகிராமும் தெரியாது. பிள்ளைகள் கை படுகிற சாமானில் கூர் இருக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். அதனால் பெட்டி பெட்டியாய் விளிம்பைத் தடவிப் பார்ப்பதையே அவள் ஒரு பூசை மாதிரி வைத்திருந்தாள்.

"அழுக்கா இருக்குதுங்க்கா, தொடச்சுரட்டுங்ளா?" என்றாள் மயிலாத்தாள்.

"வேண்டாம் மயிலு. கொழந்தை கை பட்டது அழுக்காகாது" என்று சொல்லி, பெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ரித்திக் யார் என்பது சாயங்காலமே தெரிந்துவிட்டது. கம்பெனி கேட்டுக்கு எதிரில் டீக்கடை போட்டிருக்கிற சிவக்குமாரின் மகன். ஆனால் அவன் நாலாம் வகுப்பு இல்லை, எல்.கே.ஜி. பென்சிலையே இன்னும் முழுக்கையால்தான் பிடிப்பான். ஜாய்ஸ்டிக்கை அவன் கையில் கொடுத்தபோது, பட்டனில் விழுந்திருந்த பள்ளம் அவன் விரலுக்குப் பெரிதாக இருந்தது. தாய்மார்கள் பிள்ளை வளர்வான் என்று ஒரு சைஸ் கூடுதலாகச் சட்டை எடுப்பதில்லையா, அப்படி அந்தப் பள்ளம் அவன் விரலுக்காகக் காத்திருந்தது. பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கெல்லாம் அப்போதுதான் விளங்கிற்று. இது தேய்ந்த தேய்மானம் இல்லை, தேயப்போகிற தேய்மானம்.

அதற்குப் பிறகு வேலை விடுகிற நேரமெல்லாம் கம்பெனி கேட்டில் கூட்டம் நிற்கத் தொடங்கியது. மயிலாத்தாள் ஒரு ஸ்டூலின் மேல் ஏறி நின்று அன்றன்றைக்கு வந்த பேர்களை, கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் சொல்கிற மாதிரி ராகம் இழுத்துப் படிப்பாள். தங்கள் பிள்ளையின் பேர் வந்துவிட்டால் பெற்றவர்கள் பெட்டியை வாங்கி, நேரே மாகாளியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய், காலடியில் வைத்து எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள். ஒரே பேரில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் சண்டை வரும். 'மு. தன்யா' என்று பேர் வந்த அன்றைக்கு, முருகேசன் பெண்டாட்டியும் முத்துச்சாமி பெண்டாட்டியும் ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து இழுத்து, ஒயர் அறுந்து, கடைசியில் இரண்டு தன்யாக்களையும் கூட்டி வந்து விரலை வைத்து அளந்து பார்த்துத்தான் தீர்க்க வேண்டியிருந்தது. தூரத்து ஊர்ப் பிள்ளைகளின் பெட்டிகள் கடைகளுக்குப் போய், எப்படியோ அந்தந்தப் பிள்ளையிடமே சேர்ந்தன. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் பேர் வந்தது. கர்ப்பிணிகள் வளைகாப்பு முடிந்த கையோடு கேட்டில் வந்து நின்று, தங்கள் புருசன் பேரின் முதல் எழுத்தில் ஏதாவது வருகிறதா என்று காது கொடுத்தார்கள், வந்த பேரையே வைத்தார்கள். 'உன்ற பேரு பெட்டியில வரோணும்' என்பது வாழ்த்தாயிற்று. அது இருந்தால் இது இல்லாமல் போகுமா? 'உன்ற பெட்டி மினுமினுன்னு வரட்டும்' என்று தெருக் குழாயடியில் ஒருத்தி இன்னொருத்தியைச் சபிக்கவும் செய்தாள்.

ஏனென்றால் அப்படியும் சில வந்தன. பேர் இல்லாமல், ஒரு கீறல் இல்லாமல், கடையில் வாங்கின கண்ணாடி மாதிரி பளபளவென்று சில பெட்டிகள் வந்தன. மினுக்குப் பெட்டி என்று பேர் வைத்தார்கள். எந்தப் பிள்ளையும் எந்தக் காலத்திலும் கையில் எடுக்கப்போகாத பெட்டி அது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முதலில் பத்துக்கு ஒன்று இரண்டுதான் இருக்கும், யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

சுந்தராம்பாள் எண்ணினாள். மகன் யுவராஜுக்குக் கல்யாணமாகி வெகு வருசம் ஆகிவிட்டது. மருமகள் தாரணி தங்கமான பெண், கையில் குழந்தை இல்லை. போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. கேட்டில் பேர் படித்து முடித்துக் கூட்டம் கலைந்த பிறகு, சுந்தராம்பாள் தனியாக வந்து அந்தக் கடைசி ஸ்டூலில் உட்கார்ந்து, மிச்சமிருக்கிற பெட்டிகளை ஒவ்வொன்றாய்க் கவிழ்த்து, 'யு' என்று தொடங்குகிற பேர் ஏதாவது கண்ணுக்குத் தப்பிவிட்டதா என்று பார்ப்பாள். லைனில் வேலை செய்கிற பெண்கள் அந்த நேரம் பார்த்துத் தலைமுடியை அவிழ்த்துக் கட்டுவதும் சாப்பாட்டுத் தூக்கைத் தேடுவதுமாய் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். பேர் வருகிற வரைக்கும் லைனை நிறுத்துவதில்லை என்று அவள் மாகாளியம்மனுக்கு மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தது ஊருக்கே தெரியும்.

ஒரு தடவை வந்தது. 'யு. சஞ்சிதா.' மயிலாத்தாள் படிப்பதை நிறுத்திவிட்டு, ஸ்டூலிலிருந்து குதித்து இறங்கி, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினாள். அவள் ஓடின ஓட்டத்தைப் பார்த்துக் கூட்டம் குலவை போட்டது. பெட்டியைச் சுந்தராம்பாள் மடியில் வைத்து, தாரணிக்குப் போன் போட்டு, சர்க்கரை எடுத்து ஆளுக்காள் வாயில் போட்டுக்கொண்டிருக்கும்போது, கேட்டுப் பக்கமிருந்து காக்கிச் சட்டையோடு ஒரு பஸ் கண்டக்டர் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"ஏனுங், என்ற பேரும் யுவராஜுதானுங். பாப்பா பேரு சஞ்சிதா. யூகேஜி படிக்குதுங்" என்றார்.

சுந்தராம்பாள் எழுந்து அந்தப் பெட்டியை அவர் கையில் கொடுத்தாள். "நல்லா இருக்கட்டுமுங்க கொழந்தை" என்று வாய் நிறையச் சொன்னாள். வாயில் சர்க்கரை இருந்ததால் யாரும் அதற்குமேல் பேசவில்லை. வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓடி வந்த தாரணி, எல்லோர் முகத்தையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனாள்.

காலம் அப்படியே நின்றிருந்தால்கூடப் போதும். ஆனால் பேரைப் படித்தவர்கள் பிறகு தேய்மானத்தையும் படிக்கத் தொடங்கினார்கள், அதில்தான் கெட்டது வந்து சேர்ந்தது. பேக்கிங்கில் வேலை செய்கிற அருக்காணியின் மகள் தர்சினிக்கு வந்த பெட்டியில், ஜாய்ஸ்டிக்கின் வலது பக்கம் மட்டும் தேய்ந்து, இடது பக்கம் புதுசு மாதிரி இருந்தது. இதென்ன அதிசயம் என்று சிரித்து விட்டார்கள். அடுத்த கோடையில் அந்தப் பிள்ளை மாவாட்டுகிற இடத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது, கிரைண்டர் பெல்ட்டில் இடது கை சிக்கி, நான்கு விரலும் போயிற்று. அருக்காணி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, "எனக்குக் காட்டுனியே தாயீ, காட்டியும் நான் குருடியாட்டம் இருந்துட்டனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுத அழுகையைக் கேட்டவர்கள், அதற்குப் பிறகு பெட்டியைத் திறந்து பார்க்கவே பயந்தார்கள்.

பட்டன் கொஞ்சமாய்த் தேய்ந்திருந்தால் ஆயுசு கொஞ்சம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். பெட்டியை மஞ்சள் துணியில் கட்டித்தான் கொடுக்க வேண்டும், வீட்டில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் அவிழ்க்க வேண்டும் என்று ஒரு வழக்கம் வந்தது. சாத்தின கதவுக்குள்ளே தாய்மார்கள் ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் வாங்கி வந்து, பிள்ளையின் பெட்டியில் தேயாத பட்டன்களை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சாமி பேரைச் சொல்லிச் சொல்லித் தேய்த்தார்கள். இன்னும் ஒரு வருசம், இன்னும் ஒரு வருசம் என்று தேய்த்தார்கள். அந்த வட்டாரத்தில் உப்புத்தாள் தட்டுப்பாடே வந்தது. உண்மையில் அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் கொஞ்ச நாள் விளையாடிவிட்டு, அப்பா கையிலிருக்கிற போனுக்குப் போய்விட்டார்கள், அதுதான் நடந்தது. ஆனால் பிள்ளை செத்துப்போவானோ என்று பயப்படத் தெரிந்த நமக்கு, பிள்ளைக்குச் சலித்துப் போய்விடும் என்று நினைக்கத் தோன்றுவதில்லை.

வருகிற பெட்டிகளில் தேய்மானம் மெல்ல மெல்லக் குறைந்தது. பள்ளம் விழுந்த பட்டன்கள் போய், லேசாக எழுத்து அழிந்த பட்டன்கள் வந்தன. பிறகு பேர் மட்டும் கீறி, விளையாடாமல் விட்ட பெட்டிகள் வந்தன. பிறகு பத்துக்கு ஒன்பது மினுக்கு. கேட்டில் கூட்டம் கரைந்துபோய், மயிலாத்தாள் ஸ்டூலில் ஏறாமல் தரையில் நின்றே இரண்டு மூன்று பேர்களைப் படித்துவிட்டு உள்ளே வந்தாள்.

யுவராஜ் ஒரு நாள் ஆபீசுக்குள் வந்து கதவைச் சாத்தினான். சாத்தினாலும் அந்தக் கதவு தகரம், பேச்சு லைன் வரைக்கும் கேட்கும்.

"அம்மா, இனிப் பெட்டி செய்ய வேண்டாம்மா. கிளி ஆட்டம் நம்மளுதுதான? அத மட்டும் போன்ல போட்டு விட்டுருவோம். பெங்களூர்ல ஒரு கம்பெனி சேர்ந்து செய்யலாம்ங்கறாங்க. அச்சு வேண்டாம், பிளாஸ்டிக் வேண்டாம், லாரி வேண்டாம். பெட்டியக் கட்டிட்டு அழுதா ரெண்டும் போயிரும்மா."

"பெட்டி இல்லாம வெளையாட்டு எங்க சாமி இருக்கும்? கொழந்தை எதைக் கையில புடிக்கும்?"

"போனத்தான் புடிச்சுட்டு இருக்குதுகளே!"

"போன்ல பேரு கீற முடியுமா?"

"எதுக்குக் கீறோணும்? அவிய பேரைக் கீறாம ஜம்முனு வெளையாடிட்டு இருக்கறாங்க. வருசத்துக்கொரு போன் மாத்தறாங்க. நம்ம மட்டும் தேயற பட்டனுக்குக் காத்துட்டு இருக்கறோம்."

சுந்தராம்பாள் மேசைமேல் இருந்த பெட்டியின் விளிம்பைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். மகனுக்கு அந்தத் தடவல்தான் பொறுக்கவில்லை.

"நீங்க யாரு பேருக்குக் காத்துட்டு இருக்கறீங்கன்னு இந்தக் கம்பெனில தெரியாத ஆளு உண்டாம்மா? டெய்லி சாயங்காலம் அந்த ஸ்டூல்ல உக்காந்து ஒவ்வொண்ணாக் கவுத்துப் பாக்கறீங்களே, அத நெனச்சுட்டு வீட்டுல ஒருத்தி சோறு திங்கறதில்ல. லைன் ஓடற வரைக்கும் அவளுக்குத் தெனமும் பரிச்சை, தெனமும் பெயிலு. அது உங்களுக்குத் தெரியுமா?"

வெளியே டிபன் கேரியரோடு தாரணி நின்றிருந்தாள். அவள் வந்ததை லைனில் எல்லோரும் பார்த்தார்கள், உள்ளே இருந்த இரண்டு பேரும்தான் பார்க்கவில்லை. மயிலாத்தாள் எழுந்துபோய்க் கேரியரை வாங்கிக்கொண்டு, "நீ போ கண்ணு, நான் குடுத்தர்றேன்" என்றாள்.

அம்மாவுக்காக யுவராஜ் ஒரு வழி செய்து பார்த்தான், அவனும் நல்ல பிள்ளைதான். மினுக்குப் பெட்டிகளை ஒரு வேனில் ஏற்றி, அன்னூர்ப் பக்கம் இருக்கிற பிள்ளைகள் விடுதிக்குச் சும்மாவே கொடுத்துவிட்டு வந்தான். போனே இல்லாத பிள்ளைகள் கையில் கொடுத்தால் தேயாமல் எங்கே போகும் என்று பார்த்தான். பிள்ளைகள் ஆசையாகத்தான் வாங்கின. ஆனால் அன்றைக்கு விடுதி டிவி புகைந்துபோயிற்று. அதை ரிப்பேர் பார்த்துக் கொண்டுவந்தபோது பரீட்சை வந்துவிட்டது. பரீட்சை முடிந்தபோது யாரோ புண்ணியவான் பழைய போன்கள் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். பொங்கலுக்குப் போய்ப் பார்த்தபோது, கிளிப்பெட்டிகளைச் செங்கலாய் அடுக்கி அதன்மேல் தண்ணீர்ப் பானை வைத்திருந்தார்கள். அவ்வளவு பாரத்தைச் சுமந்தும் ஒரு பெட்டியில்கூட ஒரு கீறல் இல்லை. மினுமினுவென்றே இருந்தன.

மாசி மாதம், பேரே வராமல் பல நாள் போன பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடைசி வரிசையில் ஒரு பெட்டி பேரோடு கிடந்தது. 'யு. மகிழ்.' பட்டன்கள் நன்றாகத் தேய்ந்திருந்தன. மயிலாத்தாளுக்கு அதைத் தான் கவிழ்த்ததாக ஞாபகம் இல்லை. ஆனாலும் இந்தத் தடவை ஓடவில்லை, குலவைக்கும் ஆளில்லை. மெதுவாக நடந்து போய், சுந்தராம்பாள் முன்னால் மேசையில் வைத்தாள். "அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

சுந்தராம்பாள் பேரைப் பார்த்தாள். "மாகாளி, தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆணுக்கும் ஆகிற பேர், பெண்ணுக்கும் ஆகிற பேர். பிறகு பழக்கம் விடாமல், கட்டை விரல் விளிம்பைச் சுற்றி வந்து, ஜாய்ஸ்டிக்கில் ஏறி, பட்டனில் நின்றது. நின்ற இடத்திலேயே வெகு நேரம் நின்றது. பிள்ளை விரல் தேய்த்த பட்டன், ஆற்றுக்கல் மாதிரி இருக்கும். எந்தப் பக்கம் தடவினாலும் வழுக்கும். இது ஒரு பக்கம் தடவினால் வழுக்கிற்று, மறு பக்கம் தடவினால் பூனை நாக்கு மாதிரி சொரசொரத்தது.

"என்னுங்க்கா?" என்றாள் மயிலாத்தாள்.

"ஒண்ணுமில்ல மயிலு. பேரு நல்லா இருக்குது."

பெட்டியை முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். விளக்கு வைக்கிற நேரம். தாரணி சாமி மாடத்துக்கு முன்னால் திரி திரித்துக்கொண்டிருந்தவள், அத்தையின் முந்தானைக்கு வெளியே தெரிந்த பச்சை மூலையைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். சுந்தராம்பாள் பெட்டியைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கையக் குடு அம்மிணி."

"எதுக்குங்கத்தை?"

"குடு கண்ணு."

தாரணியின் வலது கை விரல்கள் மூன்றும் நுனியில் தோல் வழன்று சிவந்திருந்தன. நகத்தோரம் பொடிப்பொடியாய்ச் சிவப்புப் பிளாஸ்டிக் தூள் ஒட்டியிருந்தது. சுந்தராம்பாள் அதை ஊதிவிட்டாள். விளக்குக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயில் விரலை நனைத்து, ஒவ்வொரு நுனியாய்த் தடவினாள்.

"எரியுதா?"

தாரணி சாமி மாடத்தைப் பார்த்தபடியே, "நீங்க தெனமும் அந்த ஸ்டூல்ல உக்காரறது எனக்குத் தாங்கலீங்கத்தை" என்றாள். "ஒரு நாளாவது சந்தோசமா வீட்டுக்கு வருவீங்கன்னுதான்..."

"வந்தனே சாமி. கேட்டுல இருந்து வீடு வரைக்கும் சந்தோசமாத்தான் வந்தேன்."

பொய்யா நிசமா என்று தாரணிக்குத் தெரியவில்லை. அத்தை தடவினபடியே இருந்தாள். கடைசியில் விரல்களை மடக்கி, அந்தக் கையை மருமகளின் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

"யுவராசுக்குப் போன் போட்டுச் சொல்லிரு. லைன நிறுத்திரலாம். அம்மங்கிட்ட நான் பேசிக்கறேன்."

மறுநாளே கோயிலுக்குப் போய் மஞ்சள் முடிப்பை அவிழ்த்தாள். பூசாரி, நேர்ந்தது நிறைவேறாமல் அவிழ்க்கக் கூடாது என்றார். "நிறைவேறாதது எனக்கும் அந்த மாகாளிக்கும் தெரிஞ்சதுதானுங்களே, உங்களுக்கு என்னத்துக்குப் பாவம்" என்று சொல்லி, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வார்த்து வைத்த மூடிகள் மிச்சம் இருந்தன. அதைப் பூட்டி முடித்துவிட்டு நிறுத்தலாம் என்று பேசிக்கொண்டார்கள். லைன் பெண்கள் கடைசி நாளன்றைக்கு எல்லோரும் தலைக்குக் குளித்து, பூ வைத்து வந்திருந்தார்கள். வேலை மும்முரத்தில் ஒருத்தி ஏதோ சொல்ல எல்லோரும் சிரிப்பார்கள், அப்புறம் மெசின் சத்தம் மட்டும் கேட்கும். பெட்டி மேல் பெட்டியாய் மினுக்கு. ஒரு பேர் இல்லை. ஸ்குரூ முடுக்குகிறவளின் முகம் மூடியில் தெரிகிற அளவுக்கு மினுக்கு. யுவராஜ் வாசலில் கை கட்டி நின்றுகொண்டிருந்தான். ஜெயித்துவிட்ட முகமாய் அது இல்லை.

கடைசிப் பெட்டியை மயிலாத்தாள் கவிழ்த்தாள். பிறகு ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"அக்கா, இங்க வாங்க. உங்க பேருங்க."

'சுந்தராம்பாள்' என்று நடுங்கின எழுத்தில் கீறியிருந்தது. இனிஷியல் இல்லை, வகுப்பு இல்லை. திருப்பினால், முதல் ஜாய்ஸ்டிக்கில் பட்டன் எழுத்தெல்லாம் அழிந்து, சிவப்புச் சாயம் போய், அடியில் வெள்ளை தெரிந்தது. இதுவரைக்கும் வந்த எந்தப் பிள்ளையின் பெட்டியும் அப்படித் தேய்ந்ததில்லை. வருச வருசமாய், மத்தியானம் மத்தியானமாய், செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாத ஒருத்தி தேய்த்த தேய்மானம் அது.

"அட, நீங்களா வெளையாடப் போறீங்க! டிவி சுச்சே உங்களுக்குப் போடத் தெரியாதேங்க்கா!" என்று அருக்காணி சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

சுந்தராம்பாள் அந்தப் பட்டன்களை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வழுக்கிற்று. "சரி" என்றாள். "அப்படியா தாயே. சரி."

இரண்டாவது ஜாய்ஸ்டிக் மினுக்கு என்றுதான் முதலில் நினைத்தார்கள். பட்டன் ஒவ்வொன்றும் புத்தம் புதுசாய், ஒரு விரலும் படாமல் இருந்தது. கூட விளையாட ஆள் இல்லை என்று அதற்கு அர்த்தம். எல்லோருக்கும் அது புரிந்தது. ஆனால் மயிலாத்தாள் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதென்னுங்க, இப்புடி?" என்றாள். பட்டன்தான் புதுசு. பிடிக்கிற இடத்தில், இரண்டு பக்கமும், உள்ளங்கை படுகிற வளைவில், மினுமினுப்பு முழுக்கப் போய் மங்கலாகியிருந்தது. அமுக்காமல் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தால் எப்படித் தேயுமோ அப்படி. இது எந்த மாதிரி விளையாட்டு என்று பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தி போர்டு கோளாறு என்றாள், ஒருத்தி கை விளங்காத பிள்ளை என்றாள், அருக்காணி அங்கே நிற்பதைப் பார்த்துவிட்டு அவளும் வாயை மூடிக்கொண்டாள். யாருக்கும் விளங்கவில்லை. பெட்டியை மஞ்சள் துணியில் கட்டி, சுந்தராம்பாள் கையில் கொடுத்து, விழுந்து கும்பிட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

கிளி இப்போது போனில் பறக்கிறது. யுவராஜ் பெங்களூரில் இருக்கிறான். நன்றாகத்தான் போகிறதாம், மாதம் ஒரு தடவை வந்துவிட்டுப் போகிறான். தாரணி அடுத்த மாதம் போகிறேன், அடுத்த மாதம் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு இங்கேயே இருக்கிறாள். அச்சு மெசினை எடைக்குப் போட்ட பிறகு, அது இருந்த இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிறது. மகிழின் பெட்டி சாமி படத்துக்குக் கீழே அப்படியே இருக்கிறது, அதை யாரும் டிவியில் மாட்டுவதில்லை.

மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, மாமியாரும் மருமகளும் அந்தக் கடைசிப் பெட்டியை மாட்டி, டிவிக்கு முன்னால் பாய் போட்டு உட்காருவார்கள். தாரணிதான் சுவிட்சைப் போட்டுத் தருவாள். சுந்தராம்பாளின் கிளி முதல் கொப்பிலேயே மோதிக் கீழே விழும். திரும்பவும் எழுந்து திரும்பவும் விழும். "கொய்யாப்பழத்த எட்டியாச்சும் பாக்கறனா பாரு, இந்த முண்டம்" என்று கிளியை வைவாள். தாரணி லேசாய்ச் சிரிப்பாள்.

"நீயும் ஒரு கிளி உடு கண்ணு. சும்மாதான வெச்சிருக்கற."

"நீங்க வெளையாடுங்கத்தை. நான் புடிச்சுட்டு இருக்கறேன்."

இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் பொத்தி, டிவியைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கிளி விழுகிறபோதெல்லாம் அவள் கை மட்டும், தூங்குகிற பிள்ளையின் முதுகைத் தடவுவது மாதிரி, அந்தச் சிவப்பு வளைவை மெல்லத் தடவிக் கொடுக்கும்.